வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், அரட்டை, இன்ஸ்டா: வடசென்னைத் தெருவில் வைத்துப் பார்த்தால் எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாம் அனுப்பும் மெசேஜ் நமக்கும் எதிராளிக்கும் நடுவில் மட்டும் நிற்குமா என்ற ஒரே கேள்வியை வைத்து ஐந்து ஆப்களையும் பார்த்தால் சிக்னல் முதலிடம். செட்டிங்ஸை உட்கார்ந்து சரிசெய்த வாட்ஸ்அப் அதற்கு அடுத்தது. இன்ஸ்டால் செய்ததோடு விட்டுவிட்ட வாட்ஸ்அப் வெகு கீழே. டெலிகிராமோ, ரகசியம் பேச ஏற்றது என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதற்கு நேர் எதிர்.

ஆனால் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒருவருடைய மெசேஜ் வெளியே போகிறதென்றால், யாரும் உட்கார்ந்து மெசேஜைப் பூட்டும் என்கிரிப்ஷனை உடைத்திருக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை, வீட்டுக்கே பொதுவாக இருக்கும் ஒரு போன், கூகுள் டிரைவில் கிடக்கும் பேக்கப் என்று போகும் வழிகள் வேறு. ஆகவே இந்த ஆப்களை அந்த இடங்களில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

ஜெராக்ஸ் கடையிலிருந்தே தொடங்கலாம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மூலக்கடை, எங்கே போனாலும் கடை முகப்பில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். "அக்கா, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, பிரிண்ட் எடுத்துத் தரேன்." கல்லாவுக்குப் பக்கத்தில் மானிட்டர். அதில் வாட்ஸ்அப் வெப் காலையிலிருந்து திறந்தபடியே இருக்கும். இடது ஓரத்தில் பெயரில்லாத நம்பர்களாக வரிசை. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவருடைய ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளையின் டிசி, ஸ்கேன் ரிப்போர்ட். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை அப்படி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் கிடையாது.

இங்கே பலர் செய்யும் தவறு, பிரிண்ட் வாங்கியதும் நம் போனில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவது. அனுப்பியதிலிருந்து இரண்டு நாள் 12 மணி நேரம் வரை அந்த வசதி வேலை செய்யும், சாட்டிலிருந்தும் போய்விடும். ஆனால் பிரிண்ட் எடுக்கக் கடைக்காரர் ஃபைலை டவுன்லோட் செய்திருப்பார். அது கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப் அதைத் தொடாது. "அண்ணா, டவுன்லோட்ஸ்ல இருந்தும் எடுத்துடுங்க, ரீசைக்கிள் பின்லயும் காலி பண்ணிடுங்க" என்று நின்று கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம். ஒரே ஒரு முறை மட்டும் திறக்கும் 'வியூ ஒன்ஸ்' போட்டு அனுப்பலாமே என்று தோன்றும். அப்படி அனுப்பிய படம் வாட்ஸ்அப் வெப்பில் திறக்காது, பிரிண்டும் வராது.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்றால், அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். கடைக்காரரிடம் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் நிற்பவரும் கேட்பார். ஆதார் இணையதளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்று இறக்கலாம். 12 இலக்கத்தில் முதல் எட்டு மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். முழு எண் கட்டாயம் என்று கேட்காத இடங்களுக்கு அதையே கொடுங்கள். கையில் அட்டை இருந்தால் அதைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி மேல் வைத்து எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுத்தம். யார் சாட்டுக்கும் போகாது.

இதைவிட மோசமானது, அவசரத்துக்குக் கடைக் கம்ப்யூட்டரில் நம் வாட்ஸ்அப்பையே க்யூஆர் ஸ்கேன் செய்து திறப்பது. பிரவுசர் ஜன்னலை மூடினால் லாக்-அவுட் ஆகாது. அடுத்து யாராவது அதே பக்கத்தைத் திறந்தால் நம் சாட் முழுக்க அவர் முன்னால் நிற்கும், புதிதாக வருவதும் சேர்ந்து. வாட்ஸ்அப்பில் ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். மூன்று புள்ளியைத் தொட்டு 'லிங்க்டு டிவைசஸ்' போனால் எந்தெந்தக் கருவி, கடைசியாக எப்போது இயங்கியது என்று பட்டியல் வரும். உங்களுக்குத் தெரியாத 'விண்டோஸ்', 'குரோம்' எது இருந்தாலும் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். வாரம் ஒருமுறை பார்க்க அரை நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

அதே இடத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே "இந்த போட்டோல நீதானே?" என்று ஒரு லிங்க் வரும். திறந்தால் உங்கள் போன் நம்பரைக் கேட்கும், பிறகு எட்டு எழுத்து கோடு ஒன்றைக் காட்டி அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டுவிட்டால் திருடனுடைய கம்ப்யூட்டர் உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். க்யூஆருக்குப் பதில் நம்பரை வைத்து இணைக்கும் வசதியை அவன் பயன்படுத்துகிறான், அவ்வளவுதான். உங்கள் போனில் எல்லாம் வழக்கம்போல ஓடுவதால் சந்தேகமே வராது. ஆறு இலக்க 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' பின் போட்டிருந்தாலும் இதைத் தடுக்காது. அந்தப் பின்னின் வேலை, வேறு போனில் உங்கள் நம்பரைப் புதிதாகப் பதிவு செய்வதைத் தடுப்பது மட்டும்தான். இரண்டுக்கும் வேறு வேறு காவல் தேவை: பின்னையும் போட வேண்டும், லிங்க்டு டிவைசஸையும் பார்க்க வேண்டும்.

ஓடிபியைச் சொல்லிக் கணக்கே பறிபோய்விட்டால் பதறாமல் உங்கள் சிம் இருக்கும் போனில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடைப் போட்ட உடனே திருடன் வெளியேறிவிடுவான். அவன் முந்திக்கொண்டு பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும். அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. இடையில் உங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டிருந்தால், கொடுத்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் கை மாறும் முன் நிறுத்துவதற்கு அந்த முதல் சில மணி நேரம்தான் உதவும்.

இனி வாட்ஸ்அப்பின் பூட்டைப் பார்க்கலாம். பூட்டு தரமானது. சிக்னல் உருவாக்கிய அதே முறையை வைத்து 2016 ஏப்ரலில் எல்லா சாட்டுக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் கொண்டுவந்தார்கள். சாவி அனுப்புபவர் போனிலும் வாங்குபவர் போனிலும் மட்டும் இருப்பதால் வழியில் கம்பெனியாலும் படிக்க முடியாது. சாட்டில் பெயரைத் தொட்டு 'என்கிரிப்ஷன்' போனால் 60 இலக்க எண் வரும். இருவரும் நேரில் இருக்கும்போது ஒத்துப் பார்த்தால் நடுவில் யாரும் இல்லை என்பது உறுதி.

பூட்டுக்கு வெளியே நிற்பவை என்னென்ன? யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்ற விவரம் கம்பெனியிடம் இருக்கும். 2021இல் பிரைவசி பாலிசியை மாற்றியது இந்த மாதிரித் தகவலை வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் மற்ற கம்பெனிகளோடு பகிர்வது பற்றித்தான். அதற்காகத்தான் 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் மெட்டா ஏஐயிடம் கேட்கும் கேள்வி நேராக மெட்டாவுக்குப் போகிறது; உடம்புக்கு வந்ததையும் வீட்டுச் சண்டையையும் அதனிடம் எழுத வேண்டாம். ஒருவரை 'ரிப்போர்ட்' செய்தால் அந்த சாட்டின் கடைசி ஐந்து மெசேஜ் வாட்ஸ்அப்புக்குப் போகும். லேபிலிருந்து ரிசல்ட் வரும் பிசினஸ் கணக்கில் எதிர்முனையில் டாக்டர் ஒருவர் மட்டும் இல்லை. அங்கே வேலை செய்யும் எத்தனை பேர் வேண்டுமானாலும் அந்த சாட்டைத் திறக்கலாம், அவர்கள் வைத்திருக்கும் வெளி சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் அது போகலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை பேக்கப். ஆண்ட்ராய்டில் சாட் கூகுள் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. நாமாக ஆன் செய்யாதவரை அந்த பேக்கப்புக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது. வழியெல்லாம் பூட்டிக் கொண்டுபோன பொருளை வாசலில் திறந்து வைத்த கதை. நம் பகுதியில் போன் வாங்கிக் கொடுத்த கடைக்காரரோ, தெரிந்த பையனோதான் ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார்; பாஸ்வேர்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். முதலில் அந்த ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பிறகு வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்று போய் ஆன் செய்யுங்கள். 2021 அக்டோபரிலிருந்து இருக்கும் வசதி இது. பாஸ்வேர்ட் வைக்கலாம், அல்லது 64 இலக்க சாவியை எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டே போதும், ஆனால் அதை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை மறந்துபோய், கையிலிருந்த போனும் போய்விட்டால் வாட்ஸ்அப்பாலேயே பேக்கப்பைத் திறந்து தர முடியாது. எதிராளி இதை ஆன் செய்யவில்லையென்றால் உங்கள் மெசேஜ் அவருடைய பேக்கப்பில் பூட்டில்லாமல் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முக்கியமான சாட்டில் இரண்டு பக்கமும் செய்தால்தான் பலன்.

அடுத்தது வீடு. ஒரே போனை அம்மா மகளிர் குழுவுக்கும், பையன் ஹோம்வொர்க்குக்கும், அப்பா கம்பெனி குரூப்புக்கும் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடம் நிறைய. அங்கே முதலில் வெளியே வருவது படங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பில் வரும் படம் தானாக கேலரிக்கு வந்துவிடும். கூகுள் போட்டோஸில் 'வாட்ஸ்அப் இமேஜஸ்' ஃபோல்டர் பேக்கப்பில் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி. சாட்டை அழித்தாலும் அந்தப் பிரதி இருக்கும். செட்டிங்ஸில் சாட்ஸ் போய் 'மீடியா விசிபிலிட்டி'யை ஆஃப் செய்தால் அதன்பின் வருபவை கேலரிக்கு வராது. பழையவற்றை நாம்தான் அழிக்க வேண்டும்.

அழித்த மெசேஜ் இன்னொரு இடத்திலும் தங்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' ஆனில் இருந்தால் கடந்த 24 மணி நேரத்தில் வந்த அறிவிப்பெல்லாம் எழுத்தோடு அங்கே இருக்கும். அனுப்பியவர் எடுத்துவிட்ட மெசேஜும் அதில் தெரியும். போனின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அதை ஆஃப் செய்யுங்கள், லாக் ஸ்கிரீனில் உள்ளடக்கம் தெரியாதபடியும் மாற்றுங்கள்.

'சாட் லாக்' பயனுள்ள வசதி. சாட்டை அழுத்திப் பிடித்துப் பூட்டினால் தனி ஃபோல்டருக்குப் போய்விடும், அறிவிப்பிலும் பெயரும் வரியும் வராது. ஆனால் அது போனின் கைரேகையையே கேட்கிறது. பிள்ளையின் விரலும் அந்த போனில் பதிவாகியிருந்தால் அவனாலும் திறக்க முடியும். அதனால் 'சீக்ரெட் கோடு' வைத்து ஃபோல்டரையே மறைத்துவிட வேண்டும். அதன்பின் தேடும் இடத்தில் அந்தக் கோடைத் தட்டினால்தான் ஃபோல்டர் கண்ணுக்கு வரும். கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு வக்கீலோடோ டாக்டரோடோ பேச வேண்டிய நிலையில் இருக்கும் பெண்களுக்கு இது வெறும் வசதி அல்ல, காப்பு. அவர்களுக்கு இதோடு, 24 மணி நேரத்தில் மெசேஜ் தானாக மறையும் 'டிஸப்பியரிங் மெசேஜஸ்'ஸையும் சேர்த்துப் போடச் சொல்வோம்.

குரூப் விஷயம் சுருக்கமாக. காசிமேட்டு ஏலக் குரூப், ட்யூஷன் குரூப், தெருக் குரூப் எதுவானாலும் சேர்ந்த எல்லாருக்கும் உங்கள் நம்பர் தெரியும். பிரைவசியில் 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்கினால் தெரியாதவர் இழுத்துப் போட முடியாது. புரொஃபைல் போட்டோவுக்கும் அதையே செய்யுங்கள். பிள்ளைகள் படம் போகும் குரூப்பில் அட்மின் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி'யை ஆன் செய்தால் மொத்த சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்ய முடியாது, படங்களும் தானாக டவுன்லோட் ஆகாது. ஸ்கிரீன்ஷாட்டை இது தடுக்காது.

டெலிகிராமுக்கு வருவோம். டிஎன்பிஎஸ்சி மெட்டீரியலுக்கும் சேனல்களுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரகசியம் பேச மட்டும் அது சரிப்படாது. சாதாரண சாட்டும் எல்லா குரூப்பும் கம்பெனியின் சர்வரில், கம்பெனி கையில் சாவியோடு இருக்கின்றன. புது போனில் லாகின் செய்தவுடன் பழைய சாட் முழுக்க வந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் அதுதான். எண்ட்-டு-எண்ட் வேண்டுமென்றால் எதிராளியின் புரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஸ்டார்ட் சீக்ரெட் சாட்' என்று ஒவ்வொருவருக்கும் தனியாகத் தொடங்க வேண்டும். அது அந்த ஒரு போனில் மட்டும் இருக்கும், குரூப்புக்குக் கிடையாது, போன் போனால் சாட்டும் போகும். டெலிகிராமை வைத்திருப்பவர்களில் இதைத் தேடிப் போய்த் தொடங்குபவரைக் காண்பது அரிது. நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்ஸில் கைதானதற்கு அடுத்த மாதம், சட்டப்படி கேட்டால் பயனாளரின் போன் நம்பரையும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று விதியை விரிவாக்கினார்கள். ஒரு நல்லதும் உண்டு: தனி சாட்டில் எத்தனை வருடம் கழித்தும் இரண்டு பக்கத்திலும் மெசேஜை அழிக்கலாம். பிரைவசியில் 'போன் நம்பர்' என்பதை 'நோபடி' ஆக்காமல் பெண்கள் யாரும் டெலிகிராம் குரூப்பில் சேர வேண்டாம்.

சிக்னல் விளம்பரமில்லாமல் நன்கொடையில் நடக்கும் அமைப்பு. 2016இல் அமெரிக்காவில் வர்ஜீனியா கோர்ட் வழியாக ஒரு பயனாளரின் விவரத்தைக் கேட்டபோது அவர்களிடம் கொடுக்க இருந்தது இரண்டே தகவல்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இணைந்தது. மற்ற கம்பெனிகள் கொடுக்க மாட்டோம் என்று வாக்குத் தருகின்றன, சிக்னலிடம் கொடுக்கவே எதுவும் இல்லை. படம் தானாக கேலரிக்குப் போகாது. 2024 பிப்ரவரியிலிருந்து யூசர்நேம் வைத்துக்கொண்டு நம்பரைக் காட்டாமலே பேசலாம்.

குறையும் சிறிதல்ல. தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவரிடம் இருந்தால் அதிசயம். பேக்கப்பை நாமாக ஆன் செய்யாமல் போனைத் தொலைத்தால் பழைய மெசேஜ் எதுவும் திரும்பாது. எனவே எல்லாருக்குமாக மாற வேண்டியதில்லை. உங்கள் வாழ்க்கையில் மூன்று நான்கு பேரோடு பேசுவதுதான் வெளியே போகக் கூடாதது; அந்த நான்கு போனில் மட்டும் இறக்கினால் போதும். இறக்கியதும் அக்கவுண்ட் பகுதியில், வேறு போனில் உங்கள் நம்பரைப் பதிவு செய்யவிடாத 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்'கையும், பிரைவசியில் 'ஸ்கிரீன் லாக்'கையும் ஆன் செய்துவிடுங்கள்.

அரட்டை நம்ம ஊர் ஜோஹோவின் ஆப், 2021இல் வந்தது. 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று ஊரே இறக்கியபோது ஆடியோ, வீடியோ காலுக்கு மட்டும் எண்ட்-டு-எண்ட் இருந்தது, எழுத்து மெசேஜுக்கு இல்லை. இந்த ஊர் கம்பெனி என்ற பாசம் நமக்கும் உண்டு. பழைய போனிலும் நெட்வொர்க் குறைந்த இடத்திலும் ஓடவேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்தரங்கத்தில் மட்டும் பாசத்துக்கு மதிப்பெண் போட முடியாது. கூட்டம் வருவதற்கு முன்பே பூட்டு வந்திருக்க வேண்டும். இன்ஸ்டா டிஎம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சாதாரண சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது, மெட்டாவால் படிக்க முடியும். அங்கே அறிமுகமாகலாம், அதற்குமேல் பேச வேறு இடம் போங்கள்.

கடைசியாக சர்வீஸ் கடை, ஏனென்றால் மேலே செய்த எல்லாவற்றையும் அது ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடும். "லாக் நம்பர் சொல்லிட்டுப் போங்க தம்பி, டிஸ்ப்ளே செக் பண்ணணும்." சாம்சங் போனாக இருந்தால் 'டிவைஸ் கேர்' பகுதியில் 'மெயின்டெனன்ஸ் மோட்' இருக்கும். ஆன் செய்தால் போன் ரீஸ்டார்ட் ஆகி, உங்கள் சாட்டும் படமும் கணக்கும் இல்லாத வெறும் போனாகத் திறக்கும். வேலை முடிந்து வந்ததும் உங்கள் கைரேகையையோ பின்னையோ வைத்து ஆஃப் செய்தால் எல்லாம் திரும்பிவிடும். பிக்சலில் இதற்குப் பெயர் 'ரிப்பேர் மோட்'.

டிஸ்ப்ளே செத்துப்போய் எதையும் தொடமுடியாத நிலையில் கொடுக்கும்போது இது உதவாது. அப்போதும் பின் சொல்ல வேண்டியதில்லை. டச் வேலை செய்கிறதா என்று பார்க்க லாக் ஸ்கிரீனில் வரும் எமர்ஜென்சி கால் கீபேட் போதும், ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்க்கலாம். கேமராவையும் பூட்டைத் திறக்காமலே லாக் ஸ்கிரீனிலிருந்து திறக்கலாம். சார்ஜ் ஏறுவது, ஸ்பீக்கர் எல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று திறந்து காட்டினால் முடிந்தது. கூட்டமான கடையென்றால் காலையில் திறந்தவுடன் போங்கள், உட்கார இடமும் கிடைக்கும். ஏற்கனவே பின்னைச் சொல்லிவிட்டு வந்தவர்கள், போன் கைக்கு வந்ததும் முதலில் லிங்க்டு டிவைசஸைப் பாருங்கள், அடுத்து பதிவான கைரேகைகளை எண்ணுங்கள், பிறகு பின்னை மாற்றுங்கள்.